அடுத்த வருடத்துக்கும் சேர்த்து வாங்கிய சப்பாத்து



சென்ற இதழில் குளிர்கால உடுப்புகள் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை ஐஸில் சறுக்கும் ஹொக்கிச் சப்பாத்து, அதாவது ஸ்கேற்ஸ் பற்றி எழுதுகிறேன். ஓ.எல். சோதனையோடு படிப்பை விட்டு, இங்கே தொழிற்சாலையில் மெஷினோடு நிற்கும் இவனுக்கு இதைப்பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். பிழை விட்டுப் படித்தவன் என்ற தகுதி மட்டும்தான்.

கனடாவில் 1994இல் சட்டம் போட்டே ஹொக்கியைத் தேசியக் குளிர்கால விளையாட்டாக்கினார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் ஐஸில் நிற்க, எங்கள் பிள்ளை மட்டும் கரையில் நிற்கக் கூடாது என்று நினைத்தேன். மகனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடச் சப்பாத்து 3ஆம் நம்பர். பழைய சாமான் கடையில் 5ஆம் நம்பர் ஸ்கேற்ஸ் கிடைத்தது. ஊரில் அம்மா எனக்குப் பெரிய சப்பாத்தாக வாங்கி, முனையில் பஞ்சு அடைத்துத் தருவா. அடுத்த வருடமும் போடலாம் அல்லவா? அதே கணக்குத்தான்.

முதல் நாள் இரண்டு சுற்று வரமுதல், "அப்பா, கால் நோகுது" என்றான். "முதல் நாள் எண்டால் நோகும்தான், பழகினால் சரி" என்றேன். கணுக்கால் உள்ளுக்குச் சரிந்தது. லேஸை இன்னும் இறுக்கிக் கட்டினேன். இரண்டு சோடி சொக்ஸ் போட்டுவிட்டேன். மூன்றாம் கிழமை அவன் ஒன்றும் சொல்லவில்லை. பழகிவிட்டான் என்று எனக்குச் சந்தோஷம்.

அன்றிரவு மனைவி, "இஞ்சை வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டா. குதியில் கொப்புளம் உடைந்திருந்தது. பாதத்தின் மேற்பக்கம் லேஸ் பதிந்து கன்றிப்போய் இருந்தது. "ஏன்டா சொல்லேல்லை?" என்றேன். "நீங்கள் ஓவர்டைம் செய்து வாங்கினது எண்டு அம்மா சொன்னவ" என்றான்.

வந்த புதிதில் அளவில்லாத வேலைச் சப்பாத்தோடு பத்து மணித்தியாலம் சீமெந்துத் தரையில் நின்றவன் நான். நோகுது என்றால் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. அதையே என் பிள்ளைக்கும் பழக்கிவிட்டேனே என்று அன்று நித்திரை வரவில்லை.

கொப்புளம் ஆறும்வரை அவனை ஐஸுக்கு விடவில்லை. பிறகு ஸ்கேற்ஸ் தீட்டும் கடைக்காரரிடம் கூட்டிப் போனேன். அவர் காட்டித் தந்தவையும், பிறகு நான் பழகியவையும் இவை:

நம்பர்: ஹொக்கி ஸ்கேற்ஸ் சாதாரண சப்பாத்தைவிட ஒன்று அல்லது ஒன்றரை நம்பர் குறைவாகவே பெரும்பாலும் பொருந்தும். ஆகவே நான் வாங்கியது இரண்டு நம்பர் அல்ல, மூன்று நம்பர் பெரிது!

போட்டுப் பார்த்தல்: நேரே நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் குதி பின்னால் போய் அமர, விரல்கள் சற்று விலகும். லேஸ் கட்டாமல் காலை முன்னே தள்ளினால், வளரும் பிள்ளைக்குக் குதியின் பின்னால் ஒரு விரல் இடம் போதும். அதற்கு மேல் வேண்டாம்.

பெரிதானால் ஏன் நோகும்: குதி எழும்பி எழும்பி உரசும். கால் வழுக்காமலிருக்க விரல்கள் மடங்கிப் பிடிக்கும். அதனால் உள்ளங்கால் பிடித்துக்கொள்ளும்.

சொக்ஸ்: மெல்லியது, ஒரு சோடி மட்டும்.

லேஸ்: விரல் பக்கம் தளர்வாக, கணுக்கால் பக்கம் இறுக்கமாகக் கட்டுங்கள். பாதத்தின் மேலே நோகுமிடத்தில் ஒரு ஓட்டையை விட்டுவிட்டுக் கோர்க்கலாம்.

அகலம்: நீளம் சரியாக இருந்தும் பக்கவாட்டில் நெரித்தால், கடையில் அந்த இடத்தை விரித்துத் தருவார்கள். சில வகைகளைச் சூடாக்கிக் காலின் வடிவத்துக்கு அமைப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் ஐஸில் போடக் கூடாது. வீட்டு அடுப்பில் வைத்துப் பார்க்காதீர்கள்.

புதிதாகப் பழகும்போது உள்ளங்கால் கொஞ்சம் களைப்பது வழக்கம். ஆனால் விரல் விறைப்பது, கொப்புளம் போடுவது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நோவது வழக்கமல்ல. ஓய்வெடுத்தும் நோ மாறாவிட்டால் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள்.

காசு இல்லையென்றால் பழையதே வாங்குங்கள்; ஆனால் இந்த வருடக் காலுக்கு வாங்குங்கள். காணாமல் போனதும் விற்கலாம், அல்லது இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கலாம். ரொறன்ரோ மாநகரசபையின் வெளி ஐஸ் தளங்களில் சறுக்கக் காசில்லை.

மகன் இப்போது 2ஆம் நம்பர் போடுகிறான், அதுவும் பழையதுதான். விழுகிறான், எழும்புகிறான், சிரிக்கிறான். பிள்ளை நோகுது என்றால் முதலில் சப்பாத்தைக் கழற்றிப் பாருங்கள். புத்திமதி பிறகு சொல்லலாம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.