காண்பதற்கும் ஒரு முறை உண்டு

சித்திரை விடுமுறை வந்துவிட்டால் நம் பிள்ளைகளுக்கு வீடு கொள்ளாது. "எங்கே போவோம்?" என்ற கேள்வி காலையில் எழும்; மாலைவரை ஓயாது. எங்கே போவது என்பதைக் காட்டிலும், போன இடத்தில் எவ்வாறு காண்பது என்பதையே இவ்வாரம் நாம் சிந்திக்க விழைகின்றோம். இதனை எமக்குக் கற்பித்தது ஒரு சிறு குருவி. அதன் கதையை இறுதியிற் கூறுவோம்.

கொழும்பிலுள்ள தேசிய நூதனசாலை 1877 ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. பொலன்னறுவைச் சிவாலயங்களை அண்டி 1907, 1908 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பெற்ற வெண்கலத் திருவுருவங்கள் அங்கே உள்ளன. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவ்வுருவங்களைப் பற்றி 1914 இல் ஒரு நூலே எழுதினார். நாமோ முதன்முறை சென்றபோது, ஒரு மணி நேரத்தில் எல்லா மண்டபங்களையும் சுற்றிவிட்டோம். வீடு திரும்பியபின், "நடராசரின் கைகளில் என்ன இருந்தன?" என்று வினவியபோது பிள்ளைகள் விழித்தனர். உண்மையைக் கூறின், நாமும் விழித்தோம்.

மறுமுறை சென்றபோது அந்த ஓர் உருவத்தின் முன்னே மட்டும் கால்மணி நேரம் நின்றோம். எட்ட நின்றபோது ஆடலின் வேகம் தெரிந்தது. கிட்டச் சென்றபோது உடுக்கையும், தீயும், தூக்கிய திருவடியும், கீழே கிடக்கும் முயலகனும் தெரிந்தன. மெழுகில் உருவமைத்து, மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகத்தை வார்த்து, பின்னர் மண் அச்சை உடைத்தே இத்தகைய உருவத்தை எடுப்பர். ஆதலின் ஓர் அச்சில் ஓர் உருவமே பிறக்கும். இதைக் கேட்ட பிள்ளைகள், சொல்லாமலே இன்னொரு முறை சுற்றிவந்து பார்த்தனர்.

அடுத்து, திறந்தவெளி அரங்கு. மட்டக்களப்பு நாட்டுக் கிராமங்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் வட்டக் களரியில் ஆடப்பெறுவன. திரை இல்லை, சுற்றிவர மக்கள் அமர்ந்திருப்பர். அண்ணாவியாரின் மத்தளம் முழங்க, சல்லரி ஒலிக்க, விடியும்வரை ஆட்டம் நிகழும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் 'கர்ணன் போர்' கூத்தைச் சுருக்கிப் பேராதனையில் மேடையேற்றி, நகரத்தாரையும் அக்கலையை நாடச் செய்தார். சுருக்கிய கூத்தைக் கண்டு மகிழ்ந்தோர், ஒருமுறையேனும் களரியின் ஓரத்தில் பாய் விரித்து அமர்தல் வேண்டும். கைபேசியை உயர்த்திப் பிடித்தால், பின்னாலிருக்கும் பாட்டிக்குக் கர்ணன் தெரியமாட்டான். நமக்கும் அவன் உள்ளங்கை அளவினனாகவே தெரிவான்.

இனிக் குருவியின் கதை. சென்ற ஆண்டு எம் வளவிலுள்ள தேசிமரத்தில் தேன்சிட்டொன்று கூடு கட்டியது. நாரும் சிலந்தி நூலும் மரப்பட்டைத் துணுக்குகளும் சேர்ந்த சிறு பைபோன்ற கூடு; பக்கத்தில் வாயில்; வாயிலின்மேல் சிறியதொரு தாழ்வாரம். படம் தெளிவாக விழவேண்டுமென்ற ஆசையால், கூட்டை மறைத்து நின்ற இரு கொப்புகளை நாமே வெட்டினோம். படம் மிக அழகாக அமைந்தது. மறுநாட் காலையிற் கூடு கிழிந்து தொங்கியது. இலைத்திரை நீங்கவே காகம் கண்டுகொண்டது.

"அப்பா, கொப்பை வெட்டாமல் விட்டிருந்தால் காகம் கண்டிராது அல்லவா?" என்று இளைய மகள் கேட்டாள். எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

மாணவச் செல்வங்களே! வளவில் படமெடுப்போர் கூட்டைத் தொடவும் வேண்டாம். கொப்பை வளைக்கவும் வேண்டாம். தாய்க்குருவி இரையுடன் வந்தும் கூட்டுக்குள் நுழையாது அங்குமிங்கும் தாவுமாயின், நாம் மிகக் கிட்ட நிற்கின்றோம் என்பதே பொருள். உடனே பின்வாங்குங்கள்.

இவ்வாண்டும் அத்தேசிமரத்திற் சிட்டு கூடு கட்டியது. குசினி யன்னலிலிருந்தே படமெடுத்தோம். படத்திற் குருவி ஒரு புள்ளியாகவே தெரிகின்றது. பாதியை இலை மறைக்கின்றது. ஆயினும் குஞ்சுகள் இரண்டும் பறந்துபோனதை வீட்டார் அனைவரும் கண்ணாரக் கண்டோம். மகள் அந்த மங்கலான படத்தையே தன் மேசைமேல் வைத்திருக்கின்றாள்.