புடவை காட்டன்தான்... உள்ளே இருப்பது?

சித்திரை பிறப்பதற்குள்ளேயே ஜவுளிக்கடை வாசல்களில் 'சம்மர் கலெக்‌ஷன்' போர்டு வந்துவிடுகிறது. உள்ளே போனால் மேசை முழுக்க வெளிர் மஞ்சள், இளம் பச்சை, வான நீலம். புடவையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சுத்தமான காட்டன்தானே?" என்று மூன்று முறை கேட்டுத்தான் பெண்கள் வாங்குகிறார்கள்.

அந்தப் புடவையைக் கட்டும் நாளில் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். உள்ளே, இடுப்பிலிருந்து முழங்கால் வரை உடம்பைக் கவ்விப் பிடிக்கும் 'ஷேப்வேர்' பாவாடை. பிளவுஸுக்குள் வழவழவென்று செயற்கை இழை லைனிங். வெளியே தெரிவது காட்டன். தோலைத் தொடுவதில் காட்டன் என்று சொல்ல எதுவுமே இல்லை. பதினோரு மணிக்கு இடுப்பைச் சுற்றி அரிக்கத் தொடங்கியதும், "காட்டன் கட்டியும் இப்படிப் புழுங்குதே" என்று பழி புடவையின் மேல் விழுகிறது.

கோடைக்கென்று இரண்டாயிரம் ரூபாய் ஒதுக்க முடிகிறவர்கள், அதில் முதல் ஐந்நூறைப் பாவாடைக்கும் லைனிங்குக்கும் செலவழிக்கலாம். அடுத்தது நைட்டிக்கு. புடவையும் குர்த்தியும் வரிசையில் கடைசியில் நின்றால் போதும்.

காட்டன் ஏன் குளிர்ச்சி?

பருத்தி இழை சாதாரண காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதத்தைக்கூடத் தொடாது. வேர்வையைப் பருத்தி வாங்கிக்கொள்கிறது. சாதாரண பாலியெஸ்டர் துணி தோலிலேயே விட்டுவிடுகிறது. வேர்வை நாளங்கள் அடைபடும்போது வருவதுதான் வேர்க்குரு.

ஆனால், காட்டன் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. பருத்தி ஈரத்தை உறிஞ்சும் அளவுக்குச் சீக்கிரம் காயாது. சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால், கனமான காட்டன் மதியத்துக்குள் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே மல்மல், வாயில் போன்ற மெல்லிய துணிதான் சரி. வேலூர், மதுரை, திருச்சியின் வறண்ட வெயிலுக்குச் சற்றுக் கனமான கைத்தறியும் தாங்கும். வாக்கிங் போகிறவர்கள் போடும், வேர்வையைச் சீக்கிரம் உலர்த்தும் ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட் பாலியெஸ்டர்தான். காலையில் ஒரு மணி நேர நடைக்கு அது பருத்தியை விட நன்றாகவே வேலை செய்கிறது. அதை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு சமைக்கத்தான் முடியாது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோடையில் கறுப்பே கூடாது என்பது நம் வீடுகளில் சட்டம் மாதிரி. பாலைவனத்தில் வாழும் பெடூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று ஆராய்ந்த ஒரு கட்டுரை 1980-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. கறுப்பு அங்கி அதிக வெப்பத்தை வாங்கினாலும், தொளதொளவென்று இருப்பதால் அந்த வெப்பம் உடம்பை அடையும் முன்பே வெளியேறிவிடுகிறது. உடம்பில் சேர்ந்த வெப்பம் கறுப்பு, வெள்ளை இரண்டிலும் ஒரே அளவுதான் என்பது அவர்கள் கண்டது. அதனால் பிடித்த கறுப்பு குர்த்தியை மேலே தூக்கி வைக்க வேண்டாம். ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் போதும். இறுக்கமாகப் பிடிக்கும் வெள்ளை குர்த்தியைவிட அது எவ்வளவோ மேல்.

இது நிஜமாகவே காட்டன்தானா?

'சாஃப்ட் காட்டன்', 'காட்டன் ஃபீல்', 'காட்டன் பிளெண்ட்', 'காட்டன் சில்க்'. ஆன்லைன் கடைகளில் இந்தப் பெயர்கள் வரும்போது கீழே 'மெட்டீரியல்' என்ற வரி வரை விரலைத் தள்ளிப் பாருங்கள். 'பாலி காட்டன்' என்று அங்கே ஒதுங்கி நின்றுகொண்டிருக்கலாம். அறுநூறு ரூபாய் 'காட்டன் சில்க்' புடவையில் பட்டைத் தேடுவது வீண்.

வீட்டுக்கு வந்த பிறகு உறுதிசெய்ய ஒரு பழைய வழி இருக்கிறது. முந்தானை ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஒரு நூல், குறுக்குவாக்கில் ஒரு நூல் எடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டி மேல் பிடித்துக் கொளுத்த வேண்டும். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். இரண்டு நூலையும் பார்ப்பது அவசியம். பாவு பருத்தியாகவும் ஊடை பாலியெஸ்டராகவும் நெய்த துணிகள் நிறைய வருகின்றன. சூடான மணியைக் கையால் தொட வேண்டாம்.

இந்தச் சோதனையில் பிடிபடாதது ரேயான். மரக்கூழிலிருந்து செய்யப்படுவதால் அதுவும் காகிதம் போலவே எரியும். இன்று 'காட்டன் குர்த்தி' என்ற பெயரில் விற்பதில் ரேயான் தாராளமாகக் கலந்திருக்கிறது. அதற்காக ரேயானை வில்லனாக்க வேண்டியதில்லை. பருத்தியை விடவும் கூடுதலாக ஈரம் உறிஞ்சும், உடம்போடு அழகாக விழும். நனைந்தால் பலம் குறைந்துவிடும் என்பதுதான் அதன் குறை. வாஷிங் மெஷினில் முறுக்கிப் பிழிந்தால் சீக்கிரம் நைந்துபோகும். ரேயான் என்று தெரிந்து, ரேயான் விலைக்கு வாங்கினால் குற்றமில்லை.

பாவாடையும் லைனிங்கும்

தையல் கடையில், "லைனிங் நீங்க தர்றீங்களா, நாங்களே போட்டுடட்டுமா?" என்று கேட்பார்கள். "நீங்களே போட்டுடுங்க" என்று சொல்லும் அந்த ஒரு நொடியில்தான் கோடை முழுவதற்குமான புழுக்கம் முடிவாகிறது. தையற்காரர்கள் செயற்கை லைனிங்கை விரும்பக் காரணம் உண்டு. அது சுருங்காது. காட்டன் லைனிங்கைத் தண்ணீரில் நனைத்துக் காய வைக்காமல் தைத்தால், முதல் துவைப்பிலேயே பிளவுஸ் இழுத்துக்கொண்டு நிற்கும். ஆகவே, ஒரு மீட்டர் மெல்லிய காட்டன் லைனிங்கை நீங்களே வாங்கி, ஒரு இரவு ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்துவிடுங்கள். புடவை ஃபால்ஸுக்கும் இதே வைத்தியம்தான்.

அடர் நிறத்தில் நல்ல 'டூ பை டூ' துணியில் தைத்த பிளவுஸுக்கு லைனிங்கே தேவைப்படாது. அந்தத் துணியிலும் இப்போது பாலியெஸ்டர் கலந்து வருகிறது, கேட்டு வாங்க வேண்டும். பேட் வைத்துத் தைப்பதைக் கல்யாண பிளவுஸோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

ஷேப்வேர் பாவாடை இரண்டு மணி நேர விசேஷத்துக்குச் சரி. புடவை கச்சிதமாக நிற்கும், போட்டோவில் அழகாக விழும். அதைப் போட்டுக்கொண்டு பஸ், ஆபீஸ், திரும்பவும் பஸ் என்று பத்து மணி நேரம் ஓட்டுவது உடம்புக்குச் செய்கிற கொடுமை. பழைய காட்டன் பாவாடையிலும் ஒரு தொல்லை இருக்கிறது: நாடா. தினமும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி, அங்கே வேர்வையும் உராய்வும் சேர்ந்து, நம் அம்மாக்களில் பலருக்கு இடுப்பைச் சுற்றிக் கறுப்பு வளையமே விழுந்திருக்கும். நாடாவுக்குப் பதில் இரண்டு மூன்று அங்குல அகலத்தில் பட்டை வைத்துத் தைக்கச் சொன்னால் அழுத்தம் பரவிவிடும். அந்த இடத்தில் ஆறாத புண் இருந்தால் பவுடர் போட்டுச் சமாளிக்காமல் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நைட்டி

வீட்டிலேயே அதிகச் சூடான இடம் சமையலறை. பெண்கள் அதிக நேரம் போட்டிருக்கும் உடை நைட்டி. ஆனால், குறைந்த விலையில், யோசிக்காமல், "வீட்ல போடத்தானே" என்று வாங்கப்படுவதும் அதுதான். இதைவிட விநோதம் வேறு இல்லை. வருடத்துக்கு நாலு முறை கட்டும் புடவைக்கு அரை நாள் கடை ஏறி இறங்குகிறவர்கள், தினமும் பன்னிரண்டு மணி நேரம் உடம்பில் இருக்கப்போகும் துணியைத் தெருமுனை வண்டியில் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள்.

வெயில் காலத்தில் அந்த நைட்டிக்கு மேல் இன்னொன்றும் ஏறுகிறது. காலிங் பெல் அடித்தால் துண்டு. கேஸ் சிலிண்டர் வந்தால் துண்டு. மொட்டை மாடியில் வடகம் காயப்போடப் போனால் துப்பட்டா. நாற்பது டிகிரியில் இது இன்னொரு அடுக்கு. பெல் சத்தம் கேட்டுத் துண்டைத் தேடி ஓடுவதை நிறுத்த ஒரு சுலபமான வழி, மார்புப் பகுதியில் மட்டும் இரட்டைத் துணி வைத்துத் தைத்துக்கொள்வது. முன்பக்க யோக் இரண்டு மடிப்பாக இருந்தால் துண்டு தேவைப்படாது. தைப்பதுதான் தைக்கிறீர்கள், பக்கவாட்டில் மொபைல் போடும் அளவுக்கு ஒரு பாக்கெட்டும் வைக்கச் சொல்லுங்கள்.

துணிக்கும் கடைக்குப் போக வேண்டாம். அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் அம்மாவின் பழைய காட்டன் புடவை போதும். ஐந்தரை மீட்டரில் இரண்டு நைட்டி வரும். ஐம்பது முறை துவைத்து நைந்த அந்த மென்மை எந்தப் புதுத் துணியிலும் கிடைக்காது. கொசுவம் வைக்கிற பக்கம் நைந்திருந்தால் அதை ஒதுக்கிவிட்டு வெட்டச் சொல்ல வேண்டும்.

அடுப்பு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. நைலான், பாலியெஸ்டர் நைட்டியில் தீப்பிடித்தால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி உருகாது, ஆனால் அதுவும் சீக்கிரம் தீப்பற்றும். ஆகவே, எந்தத் துணியானாலும் சமையலறைக்குத் தொங்கும் கை வேண்டாம்; தோளில் துப்பட்டா, துண்டு அறவே வேண்டாம். பின் பர்னருக்கு எட்டிக் கை நீட்டும்போதுதான் விபத்து வருகிறது.

வெளியே போகும்போது

லெக்கிங்ஸில் பருத்தியே அதிகம் என்றாலும் காற்று புக இடமில்லை. மே மாதம் மட்டுமாவது பலாஸோ, ஸ்ட்ரெய்ட் பேன்ட் பக்கம் வரலாம். ஸ்கூட்டியில் போகிறவர்களுக்கு அகலமான பலாஸோவும் தொங்கும் துப்பட்டாவும் ஆபத்து, சக்கரத்தில் சிக்கும். அவர்களுக்கு ஸ்ட்ரெய்ட் பேன்ட்தான். கையில் இறுக்கமாக ஏற்றிக்கொள்ளும் நைலான் உறைக்குப் பதிலாக, வீட்டில் இருக்கும் ஆண்களின் பழைய முழுக்கைக் காட்டன் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஸ்டைலாக இல்லை என்று முதல் நாள்தான் தோன்றும்.

காது குத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எல்லாம் இந்த வெயிலில்தான் வந்து நிற்கும். ஹோமப் புகையில் கனத்த பட்டோடு உட்காருவதை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, "என்ன, காட்டன்ல வந்துட்டே?" என்று ஒரு பெரியம்மா கேட்பார் என்ற பயம்தான். பட்டும் பருத்தியும் கலந்து நெய்யும் கோவை கோரா காட்டன் அந்தக் கேள்விக்கு நல்ல பதில். ஜரிகைக் கரை இருக்கும், உடம்பில் கனம் இருக்காது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கியின் கட்டமும் அடர் நிறமும் விசேஷத்துக்கு எடுப்பாக இருக்கும். புதிதில் விறைப்பாகத்தான் நிற்கும், நாலைந்து துவைப்புக்குப் பிறகு அதைவிடச் சொன்னபடி கேட்கும் புடவை கிடையாது.

மதுரை சுங்குடிக்கு 2005-லேயே குறியீடு கிடைத்துவிட்டது. சௌராஷ்டிர சமூகத்தினர் ஒவ்வொரு புள்ளியையும் கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய புடவை அது. இன்று கடையில் 'சுங்குடி' என்று வருவதில் பெரும்பகுதி அச்சுப் போட்டது. அச்சுச் சுங்குடியும் காட்டன்தான், வெயிலுக்குக் குளுகுளுவென்று இருக்கும், தாராளமாக வாங்கலாம். முடிச்சுச் சுங்குடியின் விலையை அதற்குக் கொடுத்துவிடக் கூடாது. கையால் முடிந்ததில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது.

இந்தப் புடவைகளுக்கெல்லாம் கஞ்சி போடுவதுண்டு. கெட்டியாகப் போட்டால் துணியின் கண்கள் அடைபட்டு, புடவை அட்டை மாதிரி ஆகிவிடும். வடித்த கஞ்சியை நன்றாக நீர்க்கக் கலந்து ஒரு முக்கு முக்கினால், துணி உடம்பில் ஒட்டாமல் சற்று விலகி நிற்கும், இடையில் காற்றும் ஓடும். மழை தொடங்கி இவற்றை உள்ளே எடுத்து வைக்கும்போது, கஞ்சி போக ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்து மடியுங்கள். கஞ்சியோடு மடித்தால் பூச்சி அரிக்கும், மடிப்பிலேயே கிழியும்.