தட்டினால் நிற்கும் சொட்டு

விமானம் என்றால் நமக்கு ஜெட், ஜன்னல் சீட், பெல்ட்டைக் கட்டச் சொல்லும் பெண்மணி. அமெரிக்காவில் இன்னொரு ரகம் உண்டு. நாலு சீட், ஒரே ப்ரொப்பெல்லர், இறக்கை தலைக்கு மேலே. பெயர் செஸ்னா 172. 1956-ல் விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் செய்துவிட்டார்கள். உலகத்தில் வேறெந்த விமானமும் இத்தனை பிறந்ததில்லை.

1986 வரை வந்த 172-களில் பெரும்பாலானவற்றின் இன்ஜினுக்கு அடியில் தொங்குவது சாட்சாத் நம்ம பழைய பைக் சமாசாரம்தான்: கார்புரேட்டர். பி.எஸ்.6 வந்த 2020-லிருந்து இங்கே புது பைக்குகள் அதற்கு அநேகமாக டாட்டா காட்டிவிட்டன. பழைய செஸ்னாக்கள் இன்னும் விடவில்லை.

தத்துவம் சுலபம். மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு பந்து மிதக்குமே, அதேதான். பெட்ரோல் ஏற ஏற மிதவை மேலே வரும், ஊசி வால்வ் வழியை அடைக்கும். அடைக்காவிட்டால்? தொட்டி வழிந்தால் கீழ்வீட்டுக்காரர் கத்துவார். இங்கே கத்த ஆளில்லை. இறக்கையிலுள்ள டாங்க் உயரத்தில் இருப்பதால், நிறுத்தி வைத்த விமானத்திலும் பெட்ரோல் தானாக இறங்கிச் சொட்டிக்கொண்டே இருக்கும்.

நல்ல வேளையாக இந்தப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருக்கிறார்கள். பெட்ரோல் ஆவியாகிவிடும், சாயம் ஒட்டிக்கொள்ளும். துப்பறியும் கதையில் ரத்தக்கறை போல. சொட்டுகிற இடத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. கறை எங்கே ஆரம்பிக்கிறது என்று மேலே மேலே போய்த் தேட வேண்டும். குழாய் மூட்டில் ஆரம்பித்தால் மூட்டு. கார்புரேட்டர் கிண்ணத்தின் இடுக்கில் ஆரம்பித்தால் காஸ்கெட். அடியில் காற்று நுழையும் பெட்டியிலிருந்து சொட்டினால்தான் வில்லன் உள்ளே.

அதிலும் ஒரு போலி வில்லன் உண்டு. குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லையே என்று பைலட் த்ராட்டிலை நாலு தடவை பம்ப் அடித்திருப்பார். இன்ஜின் சுற்றாதபோது பீய்ச்சிய பெட்ரோல் மேலே போகாமல் கீழே விழும். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். த்ராட்டிலைத் தொடாமலே, பெட்ரோல் வால்வைத் திறந்து வைத்ததும் மறுபடி சொட்டினால் அதுதான் நிஜ லீக். ஊசி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். நடுவில் தூசி மாட்டியிருக்கலாம், ஊசி தேய்ந்திருக்கலாம், இல்லை மிதவைக்குள் பெட்ரோல் புகுந்து அது மிதக்க மறந்திருக்கலாம்.

இந்தக் கட்டத்தில்தான் பக்கத்து ஷெட்டிலிருந்து ஒருத்தர் வருவார். எல்லா ஊரிலும் வருவார். கையில் ஸ்க்ரூ டிரைவர். கைப்பிடியால் கிண்ணத்தில் 'டொக், டொக்'. சொட்டு நின்றுவிடும்! 'அவ்வளவுதான் ஸார், கிளம்புங்க!'

கிளம்பக் கூடாது. தட்டினால் நிற்பது உண்மை, தூசி நகர்ந்துவிட்டது. எங்கே போயிற்று? இன்னும் உள்ளேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, பழைய ரப்பர் ஹோஸா, டாங்க்கின் அழுக்கா, கிழிந்த வடிகட்டியா என்பதற்கு 'டொக்' பதில் சொல்லாது. அடுத்த தடவை ஊசி மூட மறுக்கலாம், ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் பின்னடித்தால் காற்றுப் பெட்டியில் தேங்கிய பெட்ரோல் பற்றிக்கொள்ளும். அல்லது திறக்க மறுக்கலாம், அப்போது பெட்ரோலே வராது. முதலாவது தரையில் நடக்கும்; இரண்டாவது பெரும்பாலும் மேலே போனதும்தான் தெரியும்.

ஸ்டார்ட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று செஸ்னா கையேட்டிலேயே இருக்கிறது. இறங்கி ஓடாதே, ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து சுற்று. நெருப்பையும் பெட்ரோலையும் இன்ஜினே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் இதைச் செய்து பார்க்கும் சந்தர்ப்பம் நமக்கு வராமலிருப்பதே உத்தமம்.

அமெரிக்க விதிப்படி சொந்தக்கார பைலட்டே ஆயில் மாற்றலாம், ஸ்பார்க் ப்ளக் துடைக்கலாம், பெட்ரோல் வடிகட்டியைக் கழுவலாம். கார்புரேட்டரைப் பிரிப்பது மட்டும் லைசென்ஸ் உள்ள மெக்கானிக்கின் வேலை. செலவுதான். ஆனால் சொட்டு நின்றதும் ரிப்பேர் ஆகிவிட்டதாக அர்த்தமில்லை. குற்றவாளி வாயை மூடிக்கொண்டான், அவ்வளவே.

பைக் வழிந்தால் ஓரமாக நிறுத்தித் தட்டிப் பார்க்கலாம். மூவாயிரம் அடியில் ஓரம் எந்தப் பக்கம்?