முழுகாமல் இருக்கிறாளா?

ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவில் நாகராஜா கோயிலில் கால் வைக்க இடமிருக்காது. நாகர் சிலைகளுக்குப் பால் ஊற்றி, மஞ்சள் தூவி வேண்டிக்கொள்கிறவர்களில் பிள்ளை வரம் கேட்டு வந்த இளந்தம்பதிகளும் உண்டு.

நாஞ்சில் நாட்டில் கல்யாணமாகி மூன்று மாதம் ஆனதுமே, "மருமகள் முழுகாமல் இருக்கிறாளா?" என்ற விசாரணை தொடங்கிவிடுகிறது. ஆறாம் மாதம் கேட்பவர் குரல் மாறுகிறது. பத்தாம் மாதம் பழி பெண் தலையில் விழுகிறது.

இப்போது இந்தப் பேச்சு அரசியல் மேடைக்கும் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான் என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு கூறிற்று. ஜனத்தொகை குறைந்தால் பாராளுமன்றத்தில் இடங்களும் குறையும் என்ற அச்சத்தில், மணமக்கள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2025 மார்ச்சில் கேட்டுக்கொண்டார்.

உடனே என்று சொல்லலாம். உடம்பு கேட்க வேண்டுமே! நல்ல ஆரோக்கியமுள்ள இளந்தம்பதிக்குக்கூட ஒரு மாதத்தில் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒன்றுதான். மாதச் சீட்டுக் குலுக்கலைப் போல. இந்த மாதம் விழாதவருக்கு அடுத்த மாதம் விழலாம். நூறு தம்பதிகளில் 80 முதல் 85 பேருக்கு ஓராண்டுக்குள் கரு உண்டாகிறது. ஆகவே மூன்றாம் மாத விசாரணைக்கு அர்த்தமே இல்லை.

எந்த நாள்?

தலை முழுகிய மறுநாளே ஏற்ற நாள் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது சரியல்ல. அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பே கருமுட்டை வெளிவருகிறது. ஜப்பானிய டாக்டர் ஓகினோவும் ஆஸ்திரிய டாக்டர் க்னௌஸும் 1920-களில் தனித்தனியே கண்ட உண்மை இது. முட்டை ஒரு நாளுக்குமேல் தாங்காது. ஆணின் விந்தணுவோ ஐந்து நாள்வரை காத்திருக்கும். எனவே முட்டை வரும் நாளையும் சேர்த்து ஆறு நாட்களே கரு உண்டாகும் நாட்கள். விலக்கான நாளை முதல் நாளாக எண்ணினால், 28 நாளுக்கொருமுறை விலக்காகிறவளுக்கு 9 முதல் 14 வரை. 35 நாள் ஆகிறவளுக்கு 16 முதல் 21 வரை.

கர்ப்பத்தைத் தவிர்க்க இந்தக் கணக்கை நம்பியிருப்பது ஆபத்து. 1950-களின் தொடக்கத்தில் மைசூர் ராஜ்யத்து ராமநகரத்தில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் துணையோடு, நாள் எண்ண வண்ண மணிமாலை கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. மாலையில் மணி இடம் மாறாது. உடம்பில் நாள் மாறிவிடும். காய்ச்சலும் கவலையும்கூட முட்டையைத் தாமதப்படுத்தும்.

பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் குறையும் சேர்ந்திருக்கிறது. விந்துப் பரிசோதனை சுலபமானது, செலவும் குறைவு. ஆனாலும் மருமகளுக்கு எல்லாச் சோதனையும் முடிந்த பிறகே மகன் டாக்டரிடம் போகிறான். (போகாத மகன்களும் உண்டு!) ஓராண்டு பார்த்தும் தரிக்காவிட்டால் இருவரும் சேர்ந்தே போக வேண்டும். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். விலக்கு ஒழுங்கில்லாதவள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

சோதனைக்குழாய் சிகிச்சை என்று யாராவது சொன்னால், அந்த ஆஸ்பத்திரி 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவானதா என்று முதலில் கேளுங்கள். பணம் கட்டுவது அதற்குப் பிறகு.