ஒரு மணி நேரமும் ஒன்றரை ஷிப்டும்

தொழிலாளர் பங்கேற்பு விகிதம் இனி மாதந்தோறும் வரும் என்று முடிவெடுத்த மத்திய புள்ளியியல் அமைச்சகம், 2025 ஏப்ரலுக்கான முதல் அறிக்கையை மே 15 அன்று வெளியிட்டது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் சேர்ந்து 55.6 சதவீதம். ஆண்டறிக்கைக்காகக் காத்துக் கிடந்த நமக்கு இது நல்ல செய்தி, வரவேற்கிறோம். மாதிரித் தேர்வில் மாவட்டமே அடிப்படை அலகாகியிருப்பதும், கிராமப்புறத்துக்கும் காலாண்டு மதிப்பீடு கிடைப்பதும் அவசியமான மாற்றங்கள். நடப்பு வாரநிலையில் (கடந்த ஏழு நாள் நிலவரத்தில்) வரும் இந்த எண்ணை, வழக்கநிலையில் (கடந்த ஓராண்டு நிலவரத்தில்) கணக்கிட்ட 2023-24இன் 60.1 உடன் ஒப்பிடக் கூடாது என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும்.

நம் கவலை அந்த வாரநிலையைப் பற்றியது. ஏழு நாளில் ஏதாவதொரு நாள் ஒரு மணி நேரம் உழைத்தவர் வேலையில் இருப்பவர். நாடுகளை ஒப்பிட அந்த வரையறை உதவும். பின்னலாடை ஊரான திருப்பூருக்கு அது போதவே போதாது.

இங்கே கணக்கு ஷிப்டில்தான். ஆர்டர் இருந்தால் காலை எட்டரைக்கு மிஷினில் உட்காரும் ஓவர்லாக் டெய்லர் இரவு எட்டரைக்கு எழுவார்; அது ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் குறைந்தால் கம்பெனி முதலில் ஷிப்டைக் குறைக்கும், ஆளைக் கடைசியில்தான் நிறுத்தும். 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமானபோது இந்த வட்டாரம் பயந்ததும் அதற்குத்தான். வாரம் ஒன்பது ஷிப்ட் பார்த்தவருக்கு நாலு ஷிப்ட் மட்டும் கிடைத்தால் வருமானம் பாதிக்கும் கீழே போகும். கணக்கெடுப்பில் அவர் நிலை துளியும் மாறாது. இங்கே வேலை குறைந்து ஊர் திரும்பும் ஒடிசா இளைஞர் அப்பாவின் வயலில் கூலியில்லாமல் உதவினால் அங்கும் அவர் வேலையில் இருப்பவர்தான். அந்த ஆகஸ்டில் 55.0 ஆக இருந்த தேசிய விகிதம் செப்டம்பரில் 55.3 ஆகக் கூடவே செய்தது. தேசிய சராசரியில் ஒரு மாவட்டத்தின் அடி தெரியாது என்பார்கள். சரி, திருப்பூர் எண்ணைத் தனியே எடுத்தாலும் குறைந்த ஷிப்ட் அந்த விகிதத்தில் தெரியாதே!

வழக்கநிலையில் கணக்கிட்ட பெண்களின் விகிதம் 2017-18இன் 23.3இலிருந்து 2023-24இல் 41.7 ஆனதிலும் இதே கேள்வி நிற்கிறது. அந்த உயர்வில் சொந்தத் தொழிலுக்கும் கூலியில்லாக் குடும்ப உதவிக்கும் பெரும் பங்கு உண்டு. எத்தனை மணி நேரம், என்ன கூலிக்கு என்று அந்த உயர்வைப் பேசுவோர் கேட்பதில்லை.

இத்தனைக்கும் மணிநேரக் கேள்வி படிவத்திலேயே இருக்கிறது. ஏழு நாளுக்கும் தனித்தனியாகக் களப்பணியாளர்கள் கேட்டு எழுதுகிறார்கள். அவர்கள் வீடு வீடாக அலைந்து எடுத்த விவரத்தை மாத அறிக்கையில் சேர்க்க என்ன தடை? விகிதம் ஏறினால் சாதனை என்று அறிவிக்கத் தெரிந்த அரசுக்கு, அந்த ஏற்றத்துக்குள் எத்தனை அரை வயிற்று வாரங்கள் இருக்கின்றன என்று சொல்லும் கடமையும் உண்டு. தொழிலாளியின் நேரம் கம்பெனிப் பதிவேட்டில் நிமிடக் கணக்கில் இருக்கிறது. அரசின் மாத அறிக்கையில் மட்டும் அதற்கு இடமில்லை.

மாநில அரசு மாதிரி எண்ணிக்கையைக் கூட்டி, திருப்பூர், கோவை, ஈரோடு, கரூர் மாவட்டங்களுக்குச் சராசரி வேலை மணிநேரத்தைக் காலாண்டுதோறும் வெளியிட வேண்டும். அதுவரை, அறிக்கை எழுதும் நண்பர்களே, விகிதத்தை மட்டும் எடுத்தாளாமல், உங்கள் வட்டாரத்தில் ஒருவருக்கு வாரம் எத்தனை ஷிப்ட் கிடைத்தது என்பதையும் விசாரித்துப் பக்கத்தில் எழுதுங்கள்.