பேத்திக்கு ஏற்ற சின்னக் கார்

சென்ற இதழில் மாவடு போடுகிற பக்குவத்தை எழுதியவள் இந்த இதழில் கார் வாங்குவதைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். எஞ்சினைத் திறந்து காட்டினால் எது எங்கே என்று தெரியாது. ஆனால் கடந்த ஆறு மாதமாக எங்கள் வீட்டில் சோறு, குழம்பு, கார் என்று மூன்று பேச்சுத்தான். அதில் நான் செய்த தப்பும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

என் மகள் தலைப் பிரசவத்துக்குத் திருத்தணிக்கு வந்தாள். பெண் குழந்தை. ஐந்தாம் மாதம் சென்னையில் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விடவேண்டும். மாப்பிள்ளையிடம் இருப்பது மோட்டார் பைக். "இனிமேல் சின்னதா ஒரு கார் வாங்கிடலாம் அத்தை" என்றார். சரி என்றோம்.

சொன்னதுதான் தாமதம், ஆளுக்கு ஒரு யோசனை! லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத் தவிர வேறு எதையும் என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. திரும்ப விற்றால் நல்ல விலை போகவேண்டும் என்றார் சம்பந்தி. சினிமா தெரிகிற பெரிய திரை வேண்டும் என்றான் மாப்பிள்ளையின் நண்பன். வெள்ளை நிறம்தான் ராசி என்றான் என் தம்பி. ஏ.சி. நன்றாக இருந்தால் போதும் என்றேன் நான். எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல, கோடையில் வானிலைச் செய்தியில் திருத்தணி பேர் வராத நாள் குறைவு.

இத்தனை பேரில் ஒருவராவது குழந்தை எங்கே உட்காரும் என்று கேட்டோமா? இல்லை. கேட்கவேண்டிய அவசியம் என்ன, மடி இருக்கிறதே!

அந்த மடியைப் பற்றித்தான் சொல்லவேண்டும். எங்கள் ஊர் 1960-இல்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதனால் பாதி உறவு இன்னும் நகரி, புத்தூர் பக்கம். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும் புத்தூரில் இருக்கிற தம்பி வீட்டுக்கு உறவினர் ஒருவரின் காரில் புறப்பட்டோம். பின் சீட்டில் நடுவில் நான், மடியில் பேத்தி. நகரி தாண்டியதும் ஆடு ஒன்று குறுக்கே ஓடிவந்தது. பிரேக் போட்டார்கள். வேகம் நாற்பதுகூட இருக்காது. இரண்டு கையாலும் இறுக்கித்தான் பிடித்திருந்தேன். ஆனாலும் குழந்தை என் கையிலிருந்து வழுக்கி, முன் சீட்டின் முதுகில் நெற்றி இடித்து, என் காலடியில் விழுந்தாள்.

மகள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. புத்தூரில் டாக்டர் பார்த்துவிட்டு, வீக்கம்தான், வேறொன்றுமில்லை, இரண்டு நாள் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு நாளும் நான் தூங்கவில்லை. குழந்தை தூங்கினாலும் பயம், அழுதாலும் பயம். மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அதன் பிறகுதான் அவள் உட்கார்ந்து படித்து எனக்கு விளக்கினாள். வண்டி ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதி நின்றால், உள்ளே இருப்பவர்களின் எடை அந்த ஒரு நொடிக்கு இருபத்தைந்து, முப்பது மடங்கு போல ஆகிவிடுமாம். ஆறு கிலோ குழந்தை நூற்றைம்பது கிலோ! அதாவது இரண்டு மூட்டை நெல். எவ்வளவு பாசமான பாட்டியாக இருந்தாலும் இரண்டு மூட்டை நெல்லைக் கையில் தாங்க முடியுமா? நாம் பெல்ட் போடாமல் இருந்தால் இன்னும் மோசம். நம் உடம்பே குழந்தையின் மேல் போய் விழும். நம் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்து மாட்டினால் என்ன என்று கேட்டேன். அது அதைவிட ஆபத்து, பெல்ட்டுக்கும் நமக்கும் நடுவில் குழந்தை நசுங்கும் என்றாள்.

ஆகவே கார் பார்ப்பதற்கு முன்னால் குழந்தை சீட்டைத்தான் முதலில் வாங்கினோம். கைக்குழந்தைக்கு உரிய சீட்டு வண்டியின் பின்பக்கம் பார்த்த மாதிரி பொருத்துவது. சிசுவின் தலை அதன் நீளத்தில் கால் பங்கு, கழுத்தோ தண்டு போல இளசு. முன்னால் பார்த்து உட்கார்ந்தால் தலை முன்னே வீசப்படும்போது கழுத்து தாங்காது. பின்னால் பார்த்து இருந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் சீட்டே சேர்த்துத் தாங்கிக்கொள்கிறது. இந்த வகையில் பொதுவாகப் பதின்மூன்று கிலோ வரை இருக்கலாம். பதினைந்து மாதமாவது இப்படியே வைக்கவேண்டும் என்பது ஐரோப்பிய விதி. வாங்கும்போது நம் நாட்டுத் தரமான ஏ.ஐ.எஸ். 072, அல்லது ஐரோப்பிய முத்திரை இருக்கிறதா பாருங்கள். அக்கம்பக்கத்தில் பழைய சீட்டு கொடுத்தால், அது விபத்தில் சிக்கிய வண்டியில் இருந்ததா என்று தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.

சம்பந்தியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பச்சைப் பிள்ளையைக் கட்டிப்போட்டுக் கூட்டிட்டுப் போறதா? நாங்க எல்லாம் பிள்ளை வளர்க்கலையா?" என்று போனில் கேட்டார். நியாயமான கேள்விதான். என்ன பதில் சொல்வது? புத்தூர் விஷயத்தை அதுவரை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. அன்று சொன்னேன். என் கையில்தான் நழுவினாள் என்று நானே சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எந்தக் கடையில வாங்கினீங்க?" என்றார்.

இனி வண்டிக்கு வருகிறேன்.

நம் நாட்டில் சின்னக் கார் என்றாலே நினைவுக்கு வருவது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. அப்புறம் 2008-இல் டாட்டா நானோ. ஒரே ஸ்கூட்டரில் அப்பா ஓட்ட, முன்னால் ஒரு பிள்ளை நிற்க, பின்னால் அம்மா கைக்குழந்தையோடு போனதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்று ரத்தன் டாட்டா சொன்னார். நல்ல எண்ணம்தான். ஆனால் 2014-இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியச் சின்னக் கார்கள் ஐந்தை மோதவிட்டுச் சோதித்தபோது, நானோ உட்பட ஐந்துமே பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. நானோ 2018-இல் நின்றுபோயிற்று. ஸ்கூட்டரை விடக் கார் நல்லது என்பதில் சந்தேகமில்லை. கார் என்று பெயர் இருந்தால் போதாது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம் அரசாங்கமே இந்தச் சோதனையை நடத்துகிறது. ஒன்றரை வயது, மூன்று வயது பிள்ளை அளவில் பொம்மைகளைக் குழந்தை சீட்டில் வைத்து வண்டியை மோதவிடுகிறார்கள். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது, சகோதரிகளே! நட்சத்திரம் இரண்டு விதம். பெரியவர்களுக்குத் தனி, பிள்ளைகளுக்குத் தனி. விளம்பரத்தில் "ஐந்து நட்சத்திரம்" என்று போட்டிருந்தால் அது யாருக்கு என்று கேளுங்கள். குளோபல் என்கேப் சோதனையில் 2020-இல் டாட்டா ஆல்ட்ரோஸ் பெரியவர்களுக்கு ஐந்து வாங்கியது, பிள்ளைகளுக்கு மூன்றுதான். 2021-இல் டாட்டா பன்ச் ஐந்தும் நாலும். 2023-இல் ஆல்டோ கே10 பெரியவர்களுக்கு இரண்டு, வேகன் ஆர் ஒன்று. இரண்டும் பிள்ளைகள் கணக்கில் பூஜ்யம். வண்டிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், ஏர்பேக் கூட்டுகிறார்கள். அதனால் நீங்கள் வாங்குகிற வருஷத்து வண்டிக்கு என்ன மதிப்பெண் என்று பார்ப்பதுதான் முறை. எங்கள் மாப்பிள்ளை இதைக் கேட்டபோது ஒரு ஷோரூம் பையன், "சார், கலர் செலக்ட் பண்ணிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றினான்.

விலை விஷயத்தில் ஒரு நல்ல காலம். 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் நீளமும் 1200 சி.சி.க்குள் எஞ்சினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. செஸ் வரியும் போயிற்று. எங்களுக்கு மிச்சமானதில் குழந்தை சீட்டின் விலை வந்துவிட்டது.

ஷோரூமுக்குப் போகும்போது குழந்தை சீட்டைக் கையோடு எடுத்துப் போனோம். எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும். முதல் வண்டியில் சீட்டைப் பின்னால் வைத்ததும் முன் சீட்டை அவ்வளவு தூரம் தள்ளவேண்டி வந்தது. என் வீட்டுக்காரர் உட்கார்ந்து பார்த்தார், முழங்கால் இரண்டும் டாஷ்போர்டில் இடித்தது. பின்னால் பார்த்த சீட்டு அடைக்கிற இடம் அவ்வளவு! இரண்டாவது வண்டியில் இடம் இருந்தது, ஆனால் பின் சீட்டு பெல்ட் குழந்தை சீட்டைச் சுற்றி வந்து மாட்ட நீளம் போதவில்லை. மூன்றாவதில் ஐசோபிக்ஸ் என்கிற இரும்புக் கொக்கி இருந்தது. சீட்டின் இடுக்கில் கையை விட்டால் விரலில் தட்டுப்படும். அதற்கு ஏற்ற குழந்தை சீட்டு என்றால் பெல்ட் வேண்டாம், இரண்டு பக்கமும் 'கிளிக்' என்று பிடித்துக்கொள்கிறது. எப்படி மாட்டினாலும், மாட்டிய பிறகு அடிப்பாகத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது.

பின் கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, வாசல் எவ்வளவு உயரம் என்பதும் முக்கியம். ஆபரேஷன் பிரசவமான பெண் தினம் நாலு தடவை குனிந்து குழந்தையை உள்ளே வைத்து எடுக்கவேண்டும். இது ஆண்களுக்குத் தோன்றவே தோன்றாது. கூரை தாழ்ந்த வண்டியில் என் மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்ததைப் பார்த்துத்தான் அந்த வண்டியை வேண்டாம் என்றேன்.

குழந்தை சீட்டு இருக்கவேண்டியது பின் சீட்டில், இடது பக்கம். ஏற்றி இறக்கும்போது நாம் நடுரோட்டில் நிற்கவேண்டியதில்லை. முன் சீட்டில் ஏர்பேக் இருப்பதால் பின்னால் பார்த்த சீட்டை அங்கே வைக்கவே கூடாது. பலூன் விரிகிற வேகத்தில் அது குழந்தையின் தலைப்பக்கத்தில்தான் அடிக்கும்.

சி.என்.ஜி. வண்டி வாங்கினால் செலவு குறையும் என்று ஆசைப்பட்டோம். டிக்கியைத் திறந்து பார்த்தால் முழுக்க சிலிண்டர்! குழந்தையோடு புறப்பட்டால் மாற்றுத் துணி, ரப்பர் ஷீட், பால் புட்டி, வெந்நீர் பிளாஸ்க், தூளிப் புடவை என்று அதற்கே ஒரு மூட்டை சேரும். சின்ன சிலிண்டர் இரண்டாகப் போட்டு டிக்கியில் கொஞ்சம் இடம் விடுகிற மாதிரிகளும் 2023-லிருந்து வருகின்றன. கடைசியில் நாங்கள் பெட்ரோலே வாங்கினோம். எந்த வண்டி என்று பெயர் சொல்லமாட்டேன், விளம்பரம் ஆகிவிடும்.

புது வண்டி வாங்க முடியாதவர்கள் பழையது வாங்கினால் பின் சீட்டில் தோளும் இடுப்பும் சேர்த்துப் பிடிக்கிற மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்று மட்டும் விடாமல் பாருங்கள். இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள வண்டியில் பல குழந்தை சீட்டுகள் சரியாகப் பொருந்தாது. சீட்டு கவர் தைக்கிறவர்கள் பின் பெல்ட்டின் பூட்டைக் கவருக்கு அடியில் தள்ளி மறைத்துவிடுவார்கள். எங்கள் புது வண்டிக்கே அப்படிச் செய்தார்கள். "யாரும்மா பின்னாடி பெல்ட் போடறாங்க?" என்றார் அந்தக் கடைக்காரர். 2022-இல் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் சீட்டில் பெல்ட் இல்லாமல் போய் விபத்தில் இறந்த செய்தி அதற்குள் மறந்துவிட்டது போலும். 2019-லிருந்து பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று சட்டமே இருக்கிறது. கவரைப் பிரித்துத் தைக்க வைத்தோம்.

வெயிலைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். நாற்பது டிகிரி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பத்தே நிமிஷத்தில் இன்னும் பத்து டிகிரி ஏறிவிடும். மலையடிவாரத்தில் கடையில் தேங்காய் பழம் வாங்கிவர ஐந்து நிமிஷம்தானே என்று தூங்குகிற குழந்தையை உள்ளே விட்டுப் போகவேண்டாம். கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தாலும் பிரயோஜனமில்லை. ஏறுமுன் நாலு கதவையும் திறந்து வெப்பக்காற்றை வெளியேற்றிவிட்டு ஏ.சி. போடுங்கள். சீட்டின் பக்கிளை முதலில் உங்கள் விரலால் தொட்டுப் பாருங்கள், தோசைக்கல் போலச் சுடும். குழந்தை சீட்டைத் துணி போட்டு மூடாதீர்கள், உள்ளே காற்று நிற்காது.

பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் எவர்சில்வர் சொம்பு, பிளாஸ்க் எதுவும் வைக்கக்கூடாது. பிரேக் போட்டால் பறந்து வரும்.

சென்னைக்கு எங்கள் ஊரிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரப் பிரயாணம். கைக்குழந்தையை ஒரே மூச்சில் இரண்டு மணிக்கு மேல் அந்தச் சீட்டில் வைத்திருக்கக்கூடாது என்பதால் திருவள்ளூரில் நிறுத்தி, எடுத்துப் பால் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, மறுபடி வைத்தோம். கனகம்மாசத்திரம் வரைக்கும் ஒரே அழுகை. எடுத்துவிடு என்று என் வாயில் வந்துவிட்டது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டு குழந்தையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே வந்தேன். அப்புறம் தூங்கிவிட்டாள்.

போன கிருத்திகைக்கு எல்லோரும் மலைக்கு வந்தார்கள். வண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்படுகிற நேரம். சம்பந்தியம்மாதான் குழந்தையைச் சீட்டில் வைத்தார். வாரைத் தோளில் சரிசெய்து, கிள்ளிப் பார்த்தார், விரலில் மடிப்பு சிக்கவில்லை. மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பப் போனார்.

"இருடா, இன்னொரு பக்கம் கிளிக்னு சத்தம் வரல" என்றார் சம்பந்தியம்மா.