வாட்ஸ்அப்ல ஓ.கே... பேப்பர்ல ஷாக்!

சிம்போசியத்துக்கு போஸ்டர் அடிக்கிற பொறுப்பு உங்க தலையில விழுந்திருக்கா? அப்போ முதல்ல என் சோகக் கதையைக் கேளுங்க.

எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு 500 போஸ்டர். கிளாஸ்ல 60 பேர், தலைக்கு 100 ரூபாய் வசூல். ஆர்டர் கொடுத்தது சிவகாசியில ஒரு பிரஸ்ல. டிசைன் வாட்ஸ்அப்ல வந்தப்போ ராத்திரி பதினொன்றரை மணி. ஹாஸ்டல்ல போர்வைக்குள்ள படுத்துக்கிட்டே பார்த்தேன். 'நீலம் பத்தலைண்ணாச்சி, ஏத்துங்க'ன்னு அனுப்பினேன். ஏத்தினார். 'இன்னும் கொஞ்சம்!' மறுபடி ஏத்தினார். மூணாவது தடவை, தூக்கக் கலக்கத்துல ஒரு 'ஓ.கே.'

பண்டல் வந்துச்சு. பிரிச்சா... மின்னல் நீலம் கேட்ட இடத்துல கத்திரிக்காய் கலர்! போனைப் போட்டு அண்ணாச்சியைக் கன்னாபின்னான்னு கத்திட்டேன். அவர் கோபப்படலை. ''நேர்ல வாங்க தம்பி''ன்னார்.

போனேன். போஸ்டரையும் என் மொபைலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சார். ''உங்க போன்ல தெரியறது வெளிச்சம். நான் அடிக்கிறது மை!''

மேட்டர் அவ்ளோதான் பாஸ்! ஸ்கிரீன்ல சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு வெளிச்சம். எல்லாம் சேர்ந்தா வெள்ளை. அச்சுல சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு மை. பேப்பர் மேல விழற வெளிச்சத்துல ஒரு பகுதியை மை முழுங்கிடும். மிச்சம்தான் நம்ம கண்ணுக்கு. அதனால, ஸ்கிரீன்ல பளீர்னு அடிக்கிற நீலமும் நியான் பச்சையும் இந்த நாலு மைக்கு எட்டவே எட்டாது. சயானையும் மெஜந்தாவையும் முழுசா கலந்தா, நீலம் ஊதாப் பக்கம் சாஞ்சிடும்.

அதைவிடப் பெரிய குண்டை அடுத்துப் போட்டார். ''தம்பி, ராத்திரியில போன் மஞ்சளா தெரியற மாதிரி வெச்சிருந்தீகளா?'' அய்யோ! கண்ணு வலிக்கக் கூடாதுன்னு போட்டிருந்த நைட் மோட்! அது வேலையே நீலத்தைக் குறைக்கறதுதானே? போன் குறைச்ச நீலத்தை நான் டிசைன்ல ஏத்தச் சொல்லியிருக்கேன். சிக்னல் பிராசஸிங் படிக்கிறவன்னு வெளியில சொல்லவே வெட்கமா இருந்துச்சு.

நம்பலைன்னா இன்னிக்கே ஒரு டெஸ்ட்: ஒரே படத்தை அஞ்சு ஃப்ரெண்ட்ஸ் போன்ல திறந்து வரிசையா வைங்க. பிரைட்னஸ், விவிட் மோட், நைட் மோட்... எல்லாம் சேர்ந்து அஞ்சு நீலம் காட்டும். எதை நம்பி 'ஓ.கே.' சொல்வீங்க?

அதனால, போன்ல பார்க்க வேண்டியது எழுத்துப்பிழை, தேதி, கெஸ்ட் பேரோட இனிஷியல். கலருக்கு, அடிக்கப் போற அதே பேப்பர்ல ஒரே ஒரு புரூஃப் கேளுங்க. ஆர்ட் பேப்பர்ல மினுங்குற கலர், சாதா பேப்பர்ல மை உறிஞ்சி மங்கிடும். புரூஃபையும் பகல் வெளிச்சத்துல பாருங்க. அச்சைப் பார்த்து கலர் சரிபார்க்க 5000 கெல்வின் வெளிச்சம்னு ஐ.எஸ்.ஓ. 3664 தரமே இருக்கு. ஹாஸ்டல் போர்வை அதுல வராது! நீலம் வேணும்னா, மெஜந்தா சயானைவிட 30 சதவிகிதமாவது கம்மியா இருக்கட்டும். தங்கக் கலர் ஜொலிக்கணும்னா அதுக்குத் தனி மையோ ஃபாயிலோ வேணும். ஸ்கிரீன்ல மின்னுறது வெறும் மஞ்சளும் பிரவுனும்தான்.

கத்திரிக்காய் போஸ்டரையேதான் ஒட்டினோம். 60 பேர்கிட்டயும், ''தப்பு பிரஸ் மேல இல்லை, என் மேல''ன்னு கிளாஸ்ல எழுந்து நின்னு சொல்லிட்டேன். கிண்டல் இன்னும் ஓயலை. அண்ணாச்சிகிட்ட கேட்ட 'ஸாரி'யை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பலை. நேர்லயே சொல்லிட்டேன்!